நான் போட்டு உடைத்த பன்னிரண்டு கண்ணாடி

அன்பு மகள் ரஞ்சனிக்கு,

பிள்ளைப்பாக்கத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளினில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் டூட்டி என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இந்தத் தாளை வைக்கிறேன்.

எங்கள் ஒரகடம் கம்பெனியில், கார் கண்ணாடி லைனில், ஷிப்ட் முடியும்போது நடந்ததை ரிஜிஸ்டரில் இங்கிலீஷில் எழுதிவிட்டு வருவோம் அல்லவா, இத்தனை வருஷத்தில் அதில் ஒருவர் பெயரும் கிடையாது. 'மெஷின் ஸ்டாப்', 'மிரர் புரோக்கன்', அவ்வளவுதான். படித்தால் கம்பெனியில் ஆளே இல்லை, எல்லாம் தானாக நின்று தானாக உடைந்தது என்றுதான் தோன்றும். யாரும் யாரையும் மாட்டிவிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். போன மாதம் வந்த மேனேஜர் ராஜசேகர் சார், இதெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது, இனி முழு வாக்கியம் வேண்டும், அதை எழுதத் தெரிந்தவர்தான் அடுத்த லைன் லீடர் என்று சொல்லிவிட்டார். லைன் லீடர் போடும் அந்த நீலத் தொப்பிக்கு நான் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறேன். நீ வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தபடி, யார், என்ன செய்தார், இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். உன் அப்பாவும் முழு வாக்கியத்தில் கேட்டால்தான் தட்டு வரும் என்று சொல்லிவிட்டேன். பாவம், இரண்டு நாள் இங்கிலீஷில் பசியைச் சொல்லிப் பார்த்த மனிதர், மூன்றாம் நாள் தானே தோசை வார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கை வழுக்கி ட்ரே விழுந்து பன்னிரண்டு கண்ணாடி போய்விட்டது. வழக்கப்படி 'ட்ரே ஃபெல்' என்று எழுதினேன். அடுத்த ஷிப்டில் அங்கே நிற்பவள் கலைமதி, இரண்டு பிள்ளைக்காரி, கான்ட்ராக்டில் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பேர் இல்லாத உடைசல் எல்லாம் கடைசியில் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும். மனசு கேட்கவில்லை. அதை அடித்துவிட்டு, 'ஐ டிராப்ட் தி ட்ரே', நான்தான் ட்ரேயைக் கீழே போட்டேன் என்று எழுதிப் பேரையும் போட்டேன். சூப்பர்வைசர் ஸ்ரீதர் ஓடிவந்து, "இன்னாக்கா, நீயே போய் மாட்டிக்கினு கீற, அந்த 'ஐ'ய மட்டும் அடிச்சிடு" என்றான். முடியாது தம்பி, சார் முழுசாகத்தானே கேட்டார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் எனக்கு மெமோ. அதில் 'கேர்லெஸ் ஹேண்ட்லிங்' என்று இரண்டே வார்த்தை, யார், என்ன செய்தார், ஒன்றையும் காணோம். முழுசாக எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று ராஜசேகர் சாரிடமே நீட்டினேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து, என் பேரைப் போட்டு, செங்கமலம் ட்ரேயைக் கீழே போட்டார், செங்கமலமே அதைச் சொன்னார் என்று இங்கிலீஷில் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். ஆனால் மெமோ வாங்கியவருக்கு ஒரு வருஷம் பதவி உயர்வு கிடையாதாம், தொப்பி என்னோடு லைனில் நிற்கும் நயினாருக்குப் போய்விட்டது. பாத்ரூமில் போய் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நேற்று ரிஜிஸ்டரைத் திறந்தால், கலைமதி கோணல் எழுத்தில் தான் ஒரு கண்ணாடியை உடைத்ததாக எழுதிப் பேரும் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே, தான் இரண்டு உடைத்ததாக லைன் லீடர் நயினார்.

அம்மன் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். 'ஓகே', 'பிஸி', 'ஃபைன்' எல்லாம் இனி என்னிடம் செல்லாது. காய்ச்சல் என்றால் யாருக்கு வந்தது, அவள் என்ன சாப்பிட்டாள், அம்மாவை நினைத்தாளா என்று முழுசாக எழுது.

இப்படிக்கு,
பன்னிரண்டு கண்ணாடியை உடைத்த உன் அம்மா,
செங்கமலம்