கூரை வந்துவிட்டது மாப்ள, இடது சீட்டு யாருக்கு?

அன்புள்ள முரளி மாப்பிள்ளைக்கு,

உன் வண்டிக்குக் கூரை தயாராகிவிட்டது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நீ இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. யாருக்காகச் செய்யச் சொன்னாய் அந்தக் கூரையை?

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. உன் முதலாளி வெளிநாட்டுக்கே போய்விட்டபோது, எலி கடித்த துணிக்கூரையோடு ஷெட்டில் கிடந்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, இத்தனை வருஷம் டிரைவராக இருந்த உன்னிடமே விட்டுப்போனார். இரண்டே சீட்டு. கிழிந்த துணியை அன்றைக்கே கழற்றி வீசினாய். பெங்களூரில் மழை எப்போது கொட்டும் என்று யாருக்குத் தெரியும், ஒரு மூடி போட்டுக்கொள் என்று நான் சொன்னால் சிரிப்பாய். "வானம் தெரியலைன்னா அந்த வண்டியில என்ன மச்சான் இருக்கு?" என்பாய்.

அப்படிப் பேசிய நீ ஒருநாள் திடீரென்று அல்சூரில் நயாஸ் பாயின் ஃபைபர் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டாய். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம் என்பது போல ஒரு கெட்டிக் கூரை செய்யச் சொன்னாய். அச்சு எடுத்த கையோடு நீ போய்ச் சேர்ந்தாய். காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று என் தங்கை செல்வி போனில் சொன்னபோது, அவள் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு நயாஸ் பாய் வேலையை நிறுத்தி வைத்திருந்தார். இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று அவருக்கும் குழப்பம். பிறகு மனசு கேட்காமல் முடித்துவிட்டு, போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

"தாமு சார், டாப் ரெடி. லெஃப்ட்ல உக்கார்ற ஆளைக் கூட்டிக்கினு வாங்க."

"எந்த ஆளு பாய்?"

"எனக்கு என்னா தெரியும்? அவங்க தலை பாத்துதான் ஹைட் வெக்கணும், நானே கூட்டிட்டு வரேன்னு முரளி சொன்னாரு. வரலை. ஆளு வராம நான் ஓட்டை போடமாட்டேன். ஒருவாட்டி போட்டா போட்டதுதான்."

அவர் விளக்கியது இதுதான். கூரையின் முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் உட்கார்ந்துவிடும். பின்பக்கம் பாடியில் ஓட்டை போட்டு கிளாம்ப் வைக்க வேண்டும். பின்பக்கத்தை எவ்வளவு தூக்கி வைக்கிறோமோ அவ்வளவுதான் தலைக்கு இடம். இறக்கி வைத்தால் வண்டி பார்க்க லட்சணமாக இருக்கும். தூக்கி வைத்தால் உயரமானவர்களும் உட்காரலாம், ஆனால் பார்க்கச் சகிக்காது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் நான்தான் என்று நினைத்தேன். டீக்கடையில் நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "புழுதியில தும்மித் தும்மி நீ படுற பாட்டைப் பாக்க முடியலை மச்சான். உனக்குத்தான் ஒரு கூரை போடப்போறேன்." எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தொம்மலூரில் உன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "எனக்குத்தான்பா அது. காதுல காத்து அடிக்குதுன்னேன். குல்லா போட்டுக்க நைனான்னான். நான் மாட்டேன்னுட்டேன். சரி, வண்டிக்கே குல்லா போடுறேன்னு சொன்னான்."

சமையலறையிலிருந்து செல்வி வந்தாள். "என்ன மாமா பேசுறீங்க? என்கிட்ட தானே சொன்னாரு? சிக்னல்ல நின்னா பஸ்ல இருக்கிறவங்க எல்லாம் மேலேருந்து என் மடியைப் பாக்குறாங்க, நான் இனிமே வரமாட்டேன்னு சண்டை போட்டேன். உனக்காக ஒரு மூடி போடுறேன் செல்வின்னாரு."

டீக்கடைப் பேச்சை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். மூன்று பேரிடமும் ஒரே கூரையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஏன் அப்படிச் செய்தாய்? எல்லாரையும் சந்தோஷப்படுத்தச் சொன்னதா? இல்லை, ஒருவருக்கு நிஜமாகச் சொல்லிவிட்டு மற்ற இரண்டு பேரையும் சமாளித்தாயா? அந்த ஒருவர் யார்?

நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். இங்கே அது வினையாகிவிட்டது. மாமா ஆறடி ஆள், கழுத்து வேறு வளையாது. செல்வி அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவள் அளவுக்கு இறக்கி வைத்தால் மாமாவால் அதில் ஏறவே முடியாது. அவர் அளவுக்குத் தூக்கி வைத்தால், அந்தக் கூரை தனக்கில்லை என்று வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் செல்விக்குத் தோன்றும். வார்த்தை தடித்தது. "பெத்தவனுக்குச் செய்யாம யாருக்குச் செய்வான்" என்று அவரும், "கடைசிவரைக்கும் கூட இருந்தது நான்தானே" என்று இவளும். அத்தோடு ஒரே வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாதம் வைப்பாள், தட்டு வைக்கிற சத்தத்தைக் கேட்டு அவர் வந்து உட்காருவார்.

பத்து நாள் கழித்து செல்வி என்னிடம், "அண்ணா, நான் ஒக்கலிபுரத்துக்கே வந்துடுறேன்" என்றாள். என் வீட்டுக் கதவு அவளுக்கு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் மாமாவை யார் பார்ப்பது? ஒரு கார் சீட்டுக்காகவா ஒரு வீடு உடையும்? எனக்குக் கோபம் வந்தது, மாப்ள. அவர்கள் மேல் இல்லை. உன் மேல்தான்.

கடைசியில் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அல்சூருக்குக் கூட்டிப்போனேன். யார் உட்காருகிறார்களோ உட்காரட்டும், இன்றைக்கு இதை முடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நடுவில் நான். ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நயாஸ் பாய் அளவு எடுக்கிற விதம் உனக்குத் தெரிந்திருக்கும். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி, அதன்மேல் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்துவிடுவார். மேலே கூரையை இறக்கி, மாவு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து உயரம் வைப்பார். "யார் சார் லெஃப்ட்ல?" என்று உருண்டையோடு வந்து நின்றார்.

இத்தனை நாள் அந்தச் சீட்டுக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்த இரண்டு பேரும் அசையவில்லை.

"அவ உக்காரட்டும்" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

"நீங்க உக்காருங்க மாமா" என்றாள் செல்வி, நேராக அவரைப் பார்த்தே.

"எனக்கு எதுக்கும்மா. நான் இன்னும் எத்தனை நாளு."

"நாளு நிறைய இருக்குன்னுதானே அவரும் இருந்தாரு. நாளைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? உக்காருங்க."

நின்று நின்று முழங்கால் வலியெடுத்ததோ என்னவோ, மாமா உட்கார்ந்துவிட்டார். தலையில் மாவு உருண்டையோடு அவரைப் பார்த்ததும் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் நயாஸ் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையை இறக்கினோம்.

அப்போதுதான் நயாஸ் பாய் குனிந்து பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "ரைட்ல யாரு சார்? ஓட்டுறவங்க தலையும் பாக்கணுமே."

இத்தனை நாள் இடது சீட்டுக்கு அடித்துக்கொண்டோமே தவிர, மூன்று பேர் மனசிலும் வலது சீட்டில் நீதான் உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்தில் யார் என்பதுதான் எங்கள் சண்டை. நீயே இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாமா நேராக முன்னால் பார்த்தபடியே இருந்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது.

செல்வி சுற்றிக்கொண்டு போய் வலது கதவைத் திறந்தாள். குனிந்து, உள்ளே உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. அந்தச் சீட்டை உன் நீளக் காலுக்குத் தோதாகக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தாய். நீ இறங்கிய பிறகு அதை யாரும் தொடவில்லை.

"அண்ணா, இதை எப்படி முன்னால இழுக்கிறது?"

எனக்குத் தெரியும். அடியில் ஒரு கம்பி இருக்கிறது, அதைத் தூக்க வேண்டும். கை போகவில்லை, மாப்ள. அதை இழுத்துவிட்டால் நீ உட்கார்ந்திருந்த இடம் போய்விடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். உன்னைச் சுடுகாட்டில் விட்டு வந்தபோதுகூட நான் அப்படித் தயங்கவில்லை. செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை.

கம்பியைத் தூக்கி இழுத்தேன். சீட்டு கரகரவென்று முன்னால் வந்தது. அங்கேயே, அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நயாஸ் பாய் எதையோ தேடுவது போலப் பட்டறைக்கு உள்ளே போய்விட்டார்.

மாமாவின் உயரத்துக்குத்தான் கிளாம்ப் வைத்தோம். அப்படியே வைக்கச் சொன்னது செல்வி. பின்னாலிருந்து பார்த்தால் இட்லிக் குண்டான் மூடி மாதிரிதான் இருக்கிறது. நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஓட்டுறதுக்கு நீங்கதான் கத்துத்தரணும்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். ஒக்கலிபுரத்துக்கு வருகிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் குழப்பம் மட்டும் தீரவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நான் உன்னை 'டா' போட்டதே இல்லை. இன்றைக்கு ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். யாருக்காகடா செய்தாய்? நீ சொல்லப்போவதில்லை. எனக்குத்தான் என்று நான் இன்னும் கொஞ்சம் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செல்விக்கு வண்டி சொல்லித்தருகிறேன். கிளட்சை விட்டு வண்டியை எத்தனை தடவை நிறுத்தினாலும் கத்தமாட்டேன், இது உனக்குத் தருகிற வாக்கு. அவள் கை திருந்தும்வரை இடது சீட்டில் நான் உட்காருவேன். அவள் தனியாக ஓட்டப் பழகிய அன்று இறங்கிக்கொண்டு, உன் அப்பாவை ஏற்றி, வெளியிலிருந்து கதவைச் சாத்துவேன்.

உன் மச்சான்,
செல்வியின் அண்ணன் தாமு
ஒக்கலிபுரம்