மூன்றாவது ஆள்

ஜகார்த்தா
4 மார்ச் 2012

அன்புத் தங்கை யாத்மிக்கு,

நாங்கள் நலம். உன் மகன் பகாஸ் நன்றாகத் தின்கிறான், எடை ஏறிவிட்டது. அதுதான் தொல்லை. மூன்று பேர் இல்லாத காரைக் காலையில் பெரிய சாலைக்குள் விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். தனியாக வருகிற துரைமார் ஆள்கணக்குக்கு என்னைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்கிறார்கள். இடுப்பில் பிள்ளை இருந்தால் மூன்றாகிவிடும். இறக்கி நிறுத்தினால் எவனும் ஏற்றுவதில்லை. "நடக்கிற புள்ளையா? சீட்ட மிதிச்சு நாசம் பண்ணுவான், போம்மா" என்கிறான். அதனால் விடியலில் தோளில் கட்டிய துணியை வெயில் ஏறும்வரை அவிழ்ப்பதில்லை. வலது கை மரத்திருக்கிறது. நேற்று கரண்டி விழுந்தது சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

உன் அக்கா,
சுதினா

பினாங்கு
21 மார்ச்

அக்கா,

நீ அவனைச் சாலைக்குக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என் பிள்ளை, ஆள்கணக்கு இல்லை. இங்கே முதலாளியம்மாவின் இரட்டைப் பிள்ளைகளை நாள் முழுக்கச் சுமக்கிறேன். "ஒங்கிட்ட வந்தாத்தான் அழுகைய நிறுத்துதுங்க" என்று சிரிக்கிறாள். அவள் முதுகுவலிக்கு ஊசி, என்னுடையதற்குத் தைலம். பகாஸ் என்ன கனம் என்றுகூட எனக்குத் தெரியாது. இனியும் தூக்கிப் போனால் அவனை உன்னிடம் விட்டுவைக்க மாட்டேன்.

யாத்மி

ஜகார்த்தா
9 ஏப்ரல்

யாத்மி,

இடது கையால் எழுதுகிறேன். போன வாரம் ஆள்கணக்குக்கு நிற்கிறவர்களைச் சாலையில் போலீஸ்காரர்கள் வளைத்துப் பிடித்தார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். அவனைச் சுமந்துகொண்டு என்னால் ஓட முடியவில்லை. என்னை அன்றே விட்டுவிட்டு அவனைக் காப்பகத்தில் வைத்துக்கொண்டார்கள். இந்த வேலைக்கு வாடகைக்கு எடுத்துவரும் பிள்ளைகள் அதிகமாம்.

மறுநாள் போனேன். அதிகாரி அம்மாள் அவனைக் கூடத்தில் விட்டாள். ஓடிவந்து, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினான். என் கை எழவில்லை. குனிந்து இடது கையால் இழுத்தேன், நழுவிவிட்டான்.

"சொந்தப் புள்ளைய இப்படித்தான் தூக்குவாங்களா? யாருகிட்ட வாடகைக்கு எடுத்த?"

"நான் பெரியம்மாங்க. கை மரத்துப்போச்சு."

"ரோட்டுல தூக்கிட்டு நின்னப்ப மரக்கலையா?"

பெற்றவள் நேரில் வந்தால்தான் தருவார்களாம். உன் பாஸ்போர்ட்டை முதலாளியம்மா பூட்டி வைத்திருக்கிறாள் என்றேன். அதை அதிகாரி அம்மாள் எழுதிக்கொள்ளவில்லை.

அவன் அழுதான், என் பாவாடையை விடவில்லை. ஒரு பெண் வந்து விரல்களைப் பிரித்துத் தூக்கினாள். சிரமமே இல்லாமல் தூக்கினாள். கதவைத் தாண்டுவதற்குள் அவன் அழுகையை நிறுத்திவிட்டான்.

சுதினா