சீந்தில் கசாயம் ஏன் கேட்டீர்கள், மதினி?

மதினி,

போன வாரம் எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங்கில் வேலை பார்க்கும் முத்துமாரி என் மேசைமேல் ஒரு துணிப்பையை வைத்தாள். உள்ளே புதிதாக வெட்டிய சீந்தில் தண்டுகள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குத் தலைக்குள்ள கட்டி, அக்கா. ஆபரேசன் முடிஞ்சிட்டு. கரண்ட் வைக்க மதுரைக்கு வரச் சொல்லுதாங்க. இவரு மாட்டேங்காரு. சீந்தில் குடிச்சா உடம்பே கட்டியக் கரைச்சிரும்னு செல்போனுல பாத்திருக்காரு. ஒங்க மதினி இதத்தான ஆராய்ச்சி பண்ணுனாவ? அவிய குடிச்சாவளா?"

நான் ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே ஆராய்ச்சியும் கூடவே வந்தது. ஒருமுறை டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே எனக்கு விளக்கினீர்கள். "ஏட்டி, மூளைக்குள்ளயும் காவக்காரச் செல்லுக இருக்கு. கட்டி அதுகள ஏமாத்தித் தன் பக்கம் சேத்துக்கிடும். சீந்தில்ல உள்ள ஒரு சத்து அதுகள உசுப்புதான்னு பாக்கோம்."

"உசுப்புதா?"

"ஆய்வகத் தட்டுல உசுப்புது. எலியில கொஞ்சம். மனுசருக்குத் தெரியல."

பிறகு அந்தக் கட்டி உங்கள் தலைக்குள்ளேயே வந்தது. ஆபரேஷன் முடிந்து, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். அம்மா அய்யனார் கோவில் போகிற வழியில் சீந்தில் அறுத்து வந்து கசாயம் வைத்தாள். நீங்கள் டம்ளரைத் தள்ளி வைத்தீர்கள். "வேண்டாம் அத்த. எம்புட்டுக் குடிக்கணும், குடிச்சது மூளைக்குப் போகுதா, எதுவும் தெரியாது. நான் எழுதுனத நானே நம்பி ஏமாறக் கூடாது."

அம்மா முகம் விழுந்துவிட்டது. அவள் அடுக்களைக்குப் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "வீக்கம் வத்துறதுக்கு டாக்டர் குடுக்கிற மாத்திரை அந்தக் காவக்காரங்களத் தூங்க வைக்கும். எழுப்பி விட்டா மண்டைக்குள்ள வீங்கலாம். இப்ப அதுகளத் தூங்க வைக்கவா, எழுப்பவா, சொல்லு?" சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரிப்பதா என்று தெரியாமல் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன்.

கட்டி திரும்ப வந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, உங்களுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத் தவறத் தொடங்கின. தலையணையைக் காட்டி உப்பு என்றீர்கள். அப்படியிருக்க ஒருநாள் காலையில் தெளிவாகக் கேட்டீர்கள். "அத்த, அந்தக் கசாயம் இருக்கா?"

அம்மா ஓடிப்போய்க் காய்ச்சினாள். ஒரு மடக்குக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். நான் உங்கள் கட்டிலில் உட்கார்ந்து, "நம்பிக்கை வந்துட்டா மதினி?" என்று கேட்டேன். வாயைத் திறந்தீர்கள். சொல் வரவில்லை. கை கொஞ்சம் அசைந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கு விளங்கவில்லை. அதன்பிறகு நீங்கள் பேசவே இல்லை; பேசாமலே போய்விட்டீர்கள்.

அம்மாவின் மனசுக்காகக் குடித்தீர்கள் என்று சில நாள் நினைப்பேன். சாவுக்குப் பயந்து என்று சில நாள். எங்களிடம் சொல்லாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்றுகூட நினைத்திருக்கிறேன். எதை நினைத்தாலும் மறுநாள் அது தப்பாகப்படுகிறது. அண்ணனிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். உங்கள் வேலையை இப்போது பார்க்கிற தோழியும், இன்னும் எலிகளில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறாள்.

முத்துமாரி காத்துக்கொண்டிருந்தாள். "குடிச்சாவ," என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ஆனா கரண்ட் வச்சிட்டுத்தான் குடிச்சாவ. கரண்டுக்குப் பதிலா இல்ல. குடிச்சும் கட்டி போகல."

"அப்ப எதுக்குக்கா குடிச்சாவ?"

"தெரியலட்டி. டாக்டர்ட்டயே கேப்போம். நானும் வாரேன்னு ஒங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லு."

டாக்டரிடம் கேட்பதற்காக மட்டும் வருகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை மூவரும் மதுரைக்கு ரயிலேறினோம். சோழபுரத்தில் தனக்கிருக்கும் கொஞ்சம் நிலத்தைப் பற்றியே வழியெல்லாம் பேசினார். டாக்டர் சீந்தில் தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார், சிரிக்கவில்லை. "ஆராய்ச்சி நடக்குது. இன்னும் மருந்தா ஆகலை. சில பேருக்குக் கல்லீரலைக் கெடுக்குது. இப்ப வேண்டாம், கரண்ட்டைத் தள்ளிப் போடாதீங்க."

முத்துமாரியின் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த செல்போனை முத்துமாரியிடம் கொடுத்துவிட்டு, கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கிற முகமூடிக்காக முகத்துக்கு அச்சு எடுக்க உள்ளே போனார்.

வெளியே பெஞ்சில் முத்துமாரி மெதுவாகக் கேட்டாள். "ஒருநாள் இது மருந்தா வந்துருமாக்கா? அன்னைக்கே வந்திருந்தா ஒங்க மதினி இருந்திருப்பாவளா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்களை நினைத்துக்கொண்டேன். தெரியவில்லை என்று சொல்ல நினைத்திருந்தாலும், நம்பிக்கை வந்ததா என்று நான் கேட்ட அன்று உங்களுக்கு அந்தச் சொல் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைக்கிறது மதினி. அதைத்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.