மாதிரிக் கற்களும் என் கண்களும்

1933 மார்ச் 6

இன்று டோபிமேல் பாய்ந்தேன். வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கிக் கொண்டுவந்திருக்கிறான். என் மனைவி பஸீஹா சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தானே ஈக்கு?" என்றாள். வைரத்தின் நிறம் பார்த்துச் சம்பாதிக்கிறவனுக்குச் சட்டையின் நிறம் தெரியாதா என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். வென்றுவிட்டேன்.

மார்ச் 9

வழக்கம்போலக் காலையில் ஐந்து மாதிரிக் கற்களையும் ஸ்பிரிட்டில் கழுவி, மான்தோலால் துடைத்து, வடக்கு யன்னலடியில் வெள்ளைக் காகித மடிப்புக்குள் வரிசையாக வைத்தேன். முதல் கல் தண்ணீர். ஐந்தாவதில் எலுமிச்சைச் சாயல். கடைக்கு வரும் எந்த வைரத்தையும் இவற்றின் நடுவே வைத்துத்தான் நிறம் இன்னது என்று சொல்வோம். சொல்வோம் என்ன — சொல்வேன். நான் சொன்னபிறகு ஸெய்னுலாப்தீன் முதலாளிகூட வாய் திறக்கமாட்டார். கண்டியில் இந்தக் காரியத்துக்கு என்னை விட்டால் ஆள் ஏது? (எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கோடிட்டு அடிக்கவில்லை.)

இன்று இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலத் தெரிந்தன. காகிதம் சரியில்லை. வேறு வாங்கச் சொன்னேன்.

மார்ச் 15

புதுக் காகிதமும் மஞ்சள்.

மார்ச் 27

யன்னல் கண்ணாடியைக் கழுவினேன். கற்களை ஸ்பிரிட்டில் கழுவினேன். திருப்தியில்லை, மறுபடியும் கழுவினேன். முதலாளி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"பளீல், இதென்ன, சாராயக் கட வாசம் அடிக்குது?"

ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனுஷர். பயந்துபோய் எல்லா யன்னலையும் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருளப்பன் கங்காணி வந்தார். வைகாசியில் மகள் அழகம்மாவுக்குக் கலியாணம். அவளுக்குப் போடவேண்டிய ஒற்றைக்கல் வைரத்தோட்டில் ஒரு கல் விழுந்து தொலைந்துவிட்டதாம். மிஞ்சிய கல்லுக்குச் சோடி வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணுங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ரொம்ப நோட்டம் பாப்பாங்க."

கல்லைக் கழற்றி மாதிரிகளின் நடுவே வைத்தேன். இரண்டாவதா, நான்காவதா? உண்மையாகவே தெரியவில்லை. கங்காணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைச் சுருக்கி, ஆழ்ந்து யோசிக்கிற ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகம் எனக்கு நன்றாக வரும்.

"நான்காவது" என்றேன். அதற்கேற்ற கல்லை எடுத்துக் கொடுத்தேன். பாவம், மனிதர் கைகூப்பிவிட்டுப் போனார்.

ஜூன் 8

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

கங்காணியும் மனைவி வீரம்மாவும் வந்தார்கள். அந்தம்மா கதிரையில் உட்காரவில்லை. தோடு இரண்டையும் என் முன்னால் வைத்தார். மணவறையில் வெயில் பட்டதும் ஒரு காது வெள்ளையாகவும் மறு காது மஞ்சளாகவும் தெரிந்ததாம். பொண்ணுக்கு ஒரு காதில் வைரம், ஒரு காதில் போத்தல் ஓடு என்று மாப்பிள்ளையின் அக்கா பந்தல் முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்தாளாம். பெண் குனிந்த தலை நிமிராமலே தாலி வாங்கிக்கொண்டாளாம்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கய்யா. இது ரெண்டும் ஒண்ணா?"

வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். யா அல்லாஹ் — ஒன்றுபோலத்தான் இருந்தன.

"ஒன்றுதான்" என்றேன்.

முதலாளி தரையைப் பார்த்தார். கல் விற்க வந்திருந்த பேருவளை ஜமால்தீன்தான் மெல்லச் சொன்னார்: "பளீல் நானா, அது பாலும் தேனும் மாதிரி ஈக்கே."

வீரம்மாவின் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. புருஷனின் பக்கம் திரும்பி, "ஐயாவுக்குக் கண்ணு தெரியலைங்க" என்றார். ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 9

பஸீஹாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும்?

"பால்சொதிக்கு மஞ்சள் கூடிப்போச்செண்டு ஏசினீங்களே. நான் மஞ்சளே போடல்ல."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னாக் கேக்கிற மனிசனா நீங்க?"

அதுவும் சரிதான்.

ஜூன் 17

ஜமால்தீன் சரியான சோடியைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். ஆளிடம் அனுப்பலாம் என்றார் முதலாளி. நானே போகிறேன் என்றேன். தெல்தெனிய தாண்டிப் பஸ் மலை ஏறுகிற வழியெல்லாம் மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன் — உன் தகப்பன் கொடுத்தது அசல் வெள்ளைக் கல், பழுது என் கண்ணில், உன்னைச் சபையில் தலைகுனிய வைத்தவன் நான்தான், மன்னித்துவிடு மகளே.

அவள் அழகம்மா இல்லை. பந்தலில் சிரித்த மாப்பிள்ளையின் அக்கா.

இதற்கும் கண்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அழகம்மாவை நான் முன்னே பார்த்ததே இல்லை. அவசரப்புத்தி. அந்தப் பெண் உள்ளே பார்த்து, "அழகம்மா, இங்க வா" என்று கூப்பிட்டாள். தோட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே அவளுக்கு மாட்டிவிட்டாள். "வெளிச்சத்துல நில்லு, பாப்போம்" என்றாள். இருவரும் என்ன முகத்தோடு நின்றார்கள் என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தேத்தண்ணி கொடுத்தார்கள். இனிப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 11, கொழும்பு கண்ணாஸ்பத்திரி

கண்ணுக்குள் ஒரு வில்லை உண்டாம். எனக்கு அது பழுத்து மஞ்சளாகிவிட்டதாம். ஆக டோபி, காகிதம், யன்னல், பால்சொதி — எல்லோரும் குற்றமற்றவர்கள். நாளை வலது கண்ணில் கத்தி வைக்கிறார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மண்மூட்டை வைத்து அசையாமல் கிடக்கவேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3

தடித்த கண்ணாடியோடு கடைக்குப் போனேன். மாதிரிக் கற்களை ஆசையாக விரித்துப் பார்த்தேன். மஞ்சள் வில்லையை எடுத்துவிட்டார்களே, ஐந்தும் நீலம் பாய்ந்த வெள்ளை! ஐந்தாவது கல்கூட நெய்தற்பூ மாதிரி. முன்பு உலகமே மஞ்சள், இப்போது உலகமே உயர்ந்த சாதிக் கல். இந்தக் கண்ணை நம்பினால் முதலாளி ஒரே மாதத்தில் கடையை மூடவேண்டியதுதான். நானே சொன்னேன், அவர் சிரித்தார். அலுமாரியைப் பூட்டித் திறப்பை, இனிக் கல் பார்க்கப்போகிற ஜமால்தீன் கையில் கொடுத்தேன். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பது இனி என் வேலை. முகங்கள் நன்றாகத் தெரிகின்றன.

அக்டோபர் 4

விடிந்ததும் பஸீஹா முற்றத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். பாதி முடி நரைத்திருக்கிறது.

"எப்ப நரைச்சது?" என்று கேட்டேன்.

"நீங்க கல்லுப் பாத்துக்கொண்டிருந்த நேரம்."

இன்று கடைக்கு நேரம் சுணங்கித்தான் போனேன்.