மாப்பிள்ளையை உட்கார வைத்த கல்லா

மதகடிப்பட்டு
23.2.2025

அன்பு மகள் மகாலட்சுமிக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் குழந்தை ப்ரீத்தியும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் திருவாண்டார்கோயில் ஈஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இதைப் பெண்கள் உதவி மையத்து ரோஸ்லின் அம்மாவின் ஆபீசுக்கு அனுப்புகிறேன், உள் உறையில் உன் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறேன், ஊரோ தெருவோ எழுதவில்லை. கோயம்புத்தூரிலிருந்து உங்கள் இருவரையும் வேறு ஊர்க் காப்பகத்துக்கு அழைத்துப்போய்ச் சேர்த்ததாக அவர் போனில் சொன்ன பிறகுதான் அம்மா ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் இங்கே நடந்ததை நீ என் வாயால் கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். சேலத்தை விட்டு நீ குழந்தையோடு கிளம்பி கோயம்புத்தூரில் ஒற்றை அறை எடுத்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளாகத் தவறாமல் பொங்கல் வரிசை அனுப்பிய கை, இந்த வருஷம் பெண் தனியாக இருக்கிறாளே என்று இன்னும் வேகமாக அனுப்பியது. நம் கடையிலேயே நல்ல பித்தளைப் பானையாகப் பார்த்து எடுத்து, உனக்குப் புடவையும் குழந்தைக்குப் பாவாடையும் வைத்து பார்சலில் போட்டேன். உன் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் இருந்த ரசீதைக் கொண்டுவந்து, கடை வழக்கப்படி கல்லாவில் பில் குத்துகிற கம்பியில் குத்தினேன். மறுநாள் நவநீதன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றான். இன்னா மாமா இப்டி எளச்சிப் போய்ட்டீங்க, தப்பெல்லாம் என்னுதுதான் மாமா என்றான். மாப்பிள்ளை கடைக்கு வந்தால் எழுந்து கல்லாவில் உட்கார வைப்பது நம் வீட்டில் தாத்தா காலத்துப் பழக்கம். உன்னை அடித்தவன் என்று தெரிந்தும் நான் எழுந்துவிட்டேன் மகாலட்சுமி. அவனை உட்கார வைத்துவிட்டு ஸ்ட்ராங்காக ஒரு காபி போடச் சொல்ல நானே எதிர்க்கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஸ்வீட் பாக்ஸ் இருக்கிறது, அவன் இல்லை. காபிக்கு நேரமாகிவிட்டதே, கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று கவலைப்பட்டேன், பார்த்துக்கொள் என் புத்தியை. போகியன்று காலையில் அவன் உன் வாசலில் வந்து ரகளை செய்வதாக வீட்டுக்கார அம்மா போனிலிருந்து நீ அழுதபோதுதான் கம்பியைப் பார்த்தேன், ரசீது இல்லை. மாப்ளைக்கு மரியாத பண்ணப் போயி பெத்த பொண்ண காட்டிக் குடுத்துட்டீங்களே என்று அம்மா கேட்டாள், அதோடு பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவள் கேட்டது நியாயம்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை நீ கன்னம் வீங்கி வந்தபோதும் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நானேதான் உன்னைச் சேலத்தில் கொண்டுபோய் விட்டேன். கடைக்கு வருகிற நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று பார்த்தேனே தவிர உன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

நம் வீட்டு மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது, இங்கேயே வந்துவிடட்டும் என்று ரோஸ்லின் அம்மாவிடம் கேட்டேன். அவன் முதலில் வந்து தேடுகிற இடம் அதுதானே ஐயா என்றார். ப்ரீத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க டி.சி. வேண்டுமென்று நீயாகப் பழைய பள்ளிக்குப் போன் செய்துவிடாதே, அது இல்லாமலே சேர்க்கலாம், அவரே கூட வருகிறாராம். அம்மா குழந்தையின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள், எடுக்கச் சொல்லிவிட்டேன், நீயும் எதுவும் போடாதே. கோர்ட்டில் நான் எங்கே வந்து என்ன சொல்ல வேண்டும் என்றாலும் வருகிறேன், நானே கொண்டுபோய் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சந்தைக் கூட்டத்தில் நவநீதன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தான். நான் எழுந்திருக்கவில்லை. எங்க வச்சிகிறீங்க அவள என்று கத்தினான், தெரியாது என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது, முகத்திலேயே தெரிந்துவிடும் என்று உனக்கே தெரியும். உண்மையாகவே தெரியாததால் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் கூடியதும் போய்விட்டான். மறுநாள் ரோஸ்லின் அம்மா, நீ சம்மதித்தால் எங்களுக்கு மட்டும் இடத்தைச் சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பெத்தவங்க நம்மகிட்ட கூட சொல்லக் கூடாதா, இன்னா நாயம் இது என்று அம்மா அழுதாள். அழட்டும், சமாதானம் ஆகிவிடுவாள். நாங்களே கெஞ்சினாலும் நீ சொல்லாதே.

நீயும் குழந்தையும் தீர்க்காயுசாக, பயமில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. பதில் எழுதும்போது ஊர் பெயர் வேண்டாம், பஸ் நம்பர் வேண்டாம், பக்கத்தில் என்ன கோயில் என்றுகூட எழுதாதே. நீங்கள் படுக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சேதுராமன்