இத்தாவில் ஒரு சிரிப்பு

திங்கள்.
காலையிலிருந்து மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. காலில் நனைந்த சப்பாத்தோடு மனநலக் கிளினிக் போனால், மண்டபத்தில் பயிற்சி: பல இன நோயாளிகளை அவரவர் பண்பாட்டை மதித்து நடத்துவது எப்படி. நடத்தியவர் மேடம். எனக்கு வந்திருக்க வேண்டிய பதவியில், வெளிநாட்டுப் பட்டத்தோடு உட்கார்ந்திருப்பவர். முஸ்லிம் பெண்ணுக்குக் கை கொடுக்காதீர்கள் என்று ஒரு படம் காட்டினார். ஆலோசகனாகத் தலை நரைக்கும்வரை இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். இடைவேளைக்குத் தந்த ரோல்ஸ் பரவாயில்லை. தேநீர் ஆறிவிட்டது.

பிற்பகல். திகன ஊர் மஸீனாவின் சிகிச்சைக் கோப்பை மூடிவிட்டார்கள். கணவர் உறக்கத்திலேயே மாரடைப்பில் போனவர். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை; ஒரே ஒரு தடவை என்னிடம் வந்தாள். மூடிய காரணம்: தொடர்ந்து வரவில்லை. எப்படி வருவாள்? இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் காலம்.

மேடத்திடம் போனேன்.

“ஓம், இத்தா எனக்கும் தெரியும். ஆனா வராத ஆளுக்கு இடம் வச்சிருக்கேலாது.”

“நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்.”

“அதுக்கு விதி இல்லையே, சேர்.”

காலையில் மதித்த பண்பாடு மத்தியானச் சோற்றோடு செரித்துவிட்டது.

செவ்வாய்.
சுகவீன லீவு. பொய்தான். திகன.

மஸீனாவின் அண்ணன், அவள் நானா என்பவர், வாசலில். “வாங்க சேர். திரை போட்டிருக்கு.”

எனக்கு உட்காரப் பிளாஸ்டிக் கதிரை. திரைக்கு அப்பால் மஸீனாவும், காது மந்தமான உம்மாவும். நானா என் பக்கத்தில். கேள்வி அவளுக்கு, பதில் இவரிடமிருந்து. “நல்லா சாப்பிடுறா சேர். தொழுறா. ஒரு குறையுமில்ல.”

தேத்தண்ணீர் கேட்டேன். எழுந்து போனார்.

உடனே திரைக்குள்ளிருந்து: “சேர், மருந்துக்கு வெளிய போகலாமெண்டு மௌலவியே சொன்னார். நான்தான் வரல்ல.”

“ஏன்?”

“எல்லாரும் இத்தாவப் பத்தித்தான் கேக்கிறாங்க. நீங்களும்தான். அவரப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல.”

கோபம் வந்தது. யார் மீது என்று எழுத விருப்பமில்லை.

கேட்டேன், எப்படிப்பட்ட ஆள் என்று.

“கொறட்டை சேர். பக்கத்து வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடும்.” சிரித்தாள், நன்றாகச் சத்தமாக. பிறகு மெதுவாக: “அண்டைக்கு அந்தச் சத்தம் நிண்டதாலதான் முழிச்சன். இப்ப ஒவ்வொரு ராவும் அப்பிடித்தான்.”

நானா கோப்பையோடு நின்றார். சிரிப்பைக் கேட்டிருக்கிறார்.

“இத்தாவுல இருக்கிற பொம்புளைய சிரிக்க வெக்கத்தான் வந்தீங்களா சேர்?”

குடிக்காமல் கிளம்பினேன். பஸ்ஸிலும் உட்கார இடமில்லை.

புதன்.
வெயில். நான் திகன போனதை மேடத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். அதே மூச்சில், அடுத்த பயிற்சியில் இத்தா பற்றி நான் பேச முடியுமா என்றும் கேட்டார். குறட்டை பற்றிப் பேசட்டுமா?

சப்பாத்து இன்னும் காயவில்லை.

வியாழன்.
நானாவின் அழைப்பு. திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

“நேத்து ராவு தங்கச்சி தூங்கினா சேர். உம்மா சொன்னாங்க.” குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கும் வாங்க. நான் கடைக்குப் போயிருவன். பக்கத்து வீட்டுக்குக் கேக்காம சிரிக்கச் சொல்லுங்க.”

லீவு தரமாட்டார்கள். திகன போகக் குடை எடுக்க வேண்டும்.