வலது கண், இடது கண்

அக்கா,

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, என் கண்ணாடியில் காதுக்கு மாட்டும் பக்கம் கழன்று கையோடு வந்துவிட்டது. திருகாணி எங்கோ விழுந்துவிட்டது. தரையெல்லாம் துழாவியும் கிடைக்காமல், அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் செல்லோடேப் ஒட்டி, அதனடியில் எள்ளளவில் நான்கு திருகாணிகள். பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர். நீங்கள் வைத்து அனுப்பியது. "அந்த ஊருல இதொண்ணு போச்சுன்னா எங்க போயித் தேடுவீங்க அம்மணி" என்று சொன்னது காதில் விழுந்தது.

மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கிளம்ப முடியவில்லை. வாசலில் செருப்பு போட உட்காரும் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த மடலை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

சிங்காநல்லூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், ஒரு பேக்கரிக்கும் மோட்டார் ரிவைண்டிங் கடைக்கும் நடுவில் இருந்தது உங்கள் கடை. நான் பீளமேட்டில் ஒரு ஐ.டி. அலுவலகத்தில் சேர்ந்த புதிது. முதல்நாளே, இருப்பதில் விலை கூடிய ஃபிரேமை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் அதைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டீர்கள்.

"மூஞ்சிக்கு நல்லாருக்குதுங்க. மூக்குக்கு நல்லால்லைங்க. ஒரே மாசத்துல தழும்பு உழுந்துரும்."

வியாபாரம் செய்யத் தெரியாத ஆள் என்று நினைத்தேன். பிறகு ஒரு சின்ன ஸ்கேலை என் மூக்கின்மேல் குறுக்கே வைத்து, "என்ற மூக்கயே பாருங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா அளவு மாறிப்போயிரும்" என்றீர்கள். அதற்கே நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். மூன்று முறை அளந்தீர்கள்.

அதற்குப் பிறகு கண்ணாடி தேவையில்லாத சனிக்கிழமைகளிலும் வந்தேன். பேக்கரியில் பஃப்ஸ் வாங்கி வருவேன். நீங்கள் லென்ஸ் தேய்த்துக்கொண்டே பேசுவீர்கள். காங்கேயத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்தது, கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இந்த வேலையைப் படித்தது, கடை வைக்கிறேன் என்றதும் மாமனார் ஒரு வருடம் பேசாமல் இருந்தது, எல்லாம் அப்படித்தான் தெரியும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எனக்கு அந்த ஊரில் தோழி என்றால் நீங்கள்தான். கனடா கிளம்பும்போது இரண்டு கண்ணாடி செய்து கொடுத்தீர்கள். "ஒண்ணு மூஞ்சிக்கு, ஒண்ணு பெட்டிக்குங்க" என்றீர்கள்.

இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் ஒன்று போயிற்று. மற்றது நான் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்ததில் நொறுங்கிற்று. இங்குள்ள கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணைச் சோதித்து, பவர் எழுதிய காகிதம் கொடுத்தார்கள். கண்ணாடிக்குச் சொன்ன விலை என் பாதி மாத வாடகை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று காகிதத்தோடு வெளியே வந்து, உங்களைத்தான் கூப்பிட்டேன்.

"அந்தக் காகிதத்தப் போட்டோ புடிச்சு அனுப்புங்க. வாயில சொல்ல வேண்டாம். காதுல கேட்டு எழுதுனா பவரு தப்பிப்போயிரும்."

அதுதான் உங்கள் சட்டம். கோயமுத்தூரிலிருந்து கிளம்பிய யாரோ ஒருவரின் பெட்டியில், முறுக்குப் பொட்டலத்துக்கும் இட்லிப்பொடிக்கும் நடுவில் என் கண்ணாடி வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இந்த ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் யார் கண்ணாடி என்று கேட்டாலும் என் பெயரைச் சொன்னார்கள். இன்னொருவரின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க, வீடியோவில் நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது அக்கா. அலுவலகத்தில் நான் பேசும் ஆங்கிலத்தை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். இந்தக் குழுவில் மட்டும் எல்லாம் தெரிந்தவள் நான். செய்தது முழுக்க நீங்கள். பெயர் எனக்கு.

மிதுனாவுக்கு அப்போது எட்டு வயது. அவள் அம்மா ஈரோட்டுப் பெண். குழந்தைக்கு முதல் கண்ணாடி என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். வேறு டாக்டர் எழுதியது. வழக்கமாக இருக்கும் 'ஆர்', 'எல்' என்ற எழுத்துகள் அதில் இல்லை.

"இது என்னங்கக்கா, ஓ.டி., ஓ.எஸ்.னு போட்டிருக்குது? எது எந்தக் கண்ணுங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் தேடினால் அரை நிமிடம். அவள் முன்னால் தேடுவதற்குக் கூச்சமாக இருந்தது. "ஓ.எஸ்.தான் வலதுங்க" என்று சொல்லி, பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில் 'வலது' என்றும் எழுதினேன். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் நிறைய. ஒன்றில் லேசு, மற்றதில் பலமடங்கு.

நான்கு நாளில் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் கிளம்புவதாக இருந்தது. மறுநாள் காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்களைக் கூப்பிட்டேன். அங்கே மாலை; கடையில் கூட்டம். போட்டோ அனுப்புங்க என்றீர்கள். கையில் கையுறை, எலும்பைத் துளைக்கிற காற்று. "அப்புறம் அனுப்பறேனுங்கக்கா, இப்ப எழுதிக்குங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றேன். நீங்கள் ஒரு கணம் தயங்கினீர்கள். பிறகு நான் காகிதத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டீர்கள். எழுதியதைத் திரும்பவும் வாசித்தீர்கள். சரி, சரி என்றேன். அந்தப் போட்டோவை நான் அனுப்பவேயில்லை.

கண்ணாடி வந்தது. குழந்தை தலை வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் கழற்றிப் பைக்குள் ஒளித்து வைத்தாள். அவள் அம்மா அடம் என்று நினைத்துத் திட்டினாள், ஒருநாள் அடித்தும் இருக்கிறாள். குழந்தையிடம் போனைக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னபோது, "போட்டுப் பழகுனாச் சரியாயிரும் கண்ணு" என்றேன். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. டீச்சர் சொல்லி மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவர் கண்ணாடியை மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, வலதும் இடதும் மாறியிருக்கிறது என்றார்.

அவள் அம்மா அதைக் குழுவில் எழுதினாள். கோபமாகக்கூட இல்லை. அடுத்த நிமிடமே நான் பதில் போட்டேன். "கடையில் மாற்றிப் பொருத்திவிட்டார்கள் போலிருக்கிறது. நான் பேசுகிறேன்."

அதை எழுதும்போது அது பொய்யென்று எனக்குத் தெரியாது அக்கா. அந்த அரை மணி நேரம் மட்டும் நான் குற்றமில்லாதவள். பிறகு கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்; போனில் தேடினேன். ஓ.டி. என்றால்தான் வலது. என் கையெழுத்தில் 'வலது' என்ற சொல் மற்ற வரிக்குப் பக்கத்தில் இருந்தது.

உங்களைக் கூப்பிட்டு, வலதும் இடதும் மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நோட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றீர்கள். சிறிது நேரத்தில் கூப்பிட்டீர்கள்.

"அம்மணி, நோட்டுல எழுதுனபடிதானுங்க செஞ்சிருக்குது. நீங்க சொன்னத நாந்தான் மாத்தி எழுதிப்போட்டனாட்ட இருக்குது. அன்னிக்குக் காத்துச் சத்தம் வேற. அந்தக் காகிதத்த ஒரு போட்டோ அனுப்புங்களேன், எங்க தப்புச்சுன்னு பாத்துக்கறேன்."

காகிதம் என் முன்னால் மேஜைமேல் விரித்துக் கிடந்தது.

"அது இல்லீங்கக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

"சரிங்க" என்றீர்கள். பிறகு, "அந்தப் பாப்பா எத்தன நாளு போட்டிருந்துச்சு?"

"ரெண்டு மாசமுங்க."

"அய்யோ சாமி" என்றீர்கள். அந்தக் குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பத்தே நாளில் புதிதாக இரண்டு கண்ணாடி செய்து அனுப்பினீர்கள், ஊதா நிறத்தில், குழந்தைக்குப் பிடிக்கும் என்று. மிதுனாவின் அம்மாவுக்குக் குரல் பதிவு ஒன்றும் அனுப்பினீர்கள். "எம்மேலதானுங்க தப்பு. போட்டோ இல்லாம எழுதியிருக்கக் கூடாது. கொழந்தயத் திட்டாதீங்க, அது சரியாத்தான் சொல்லியிருக்குது." அவள் அதைக் குழுவில் போட்டாள். கடைக்காரம்மாவுக்குப் பெரிய மனசு என்று பலர் எழுதினார்கள். நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் கண்ணாடி செய்யவில்லை. நானும்தான். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அதைச் சொன்னேன். மறுபடியும் எனக்கே நல்ல பெயர். உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவீர்கள். யாரோ எனக்கு அனுப்பிய படத்தை உங்களுக்குத் திருப்பி அனுப்புவேன். ஒருமுறை, "மூக்குல தழும்பு இருக்குதுங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். படித்தேன். பதில் போடவில்லை.

நீங்கள் போன செய்தி இரண்டு மாதம் கழித்து, பழைய அலுவலகத் தோழி மூலம் வந்தது. கடையில் நெஞ்சு வலி; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

போன மாதம் ஊருக்கு வந்தேன். உங்கள் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி உங்கள் வீட்டுக்காரரின் லேத் பட்டறைக்குப் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, மிஷினை நிறுத்திவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்க அம்மணி. கனடாவுல இருந்து எப்ப வந்தீங்க? அவ உங்களப் பத்தி வெகுவாச் சொல்லுவாளுங்க."

அவர் பேசிக்கொண்டே போனார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"அந்த ஒரு கண்ணாடியில தப்புப் பண்ணிப்போட்டேன்னு மனசு ஒடஞ்சு போயிட்டாளுங்க. காதுல என்னமோ கோளாறுன்னு டாக்டர்கிட்டப் போயி டெஸ்டெல்லாம் எடுத்தா. காது நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. இவ நம்புல. பொறவு போன்ல யாரு என்ன சொன்னாலும் மூணு தடவ திருப்பிக் கேப்பா. ஊட்டுல நான் கூப்புட்டாக்கூட, வந்து மூஞ்சியப் பாத்து என்ன சொன்னீங்கன்னு கேப்பாளுங்க."

அந்தக் காகிதத்தை நான் கொண்டுவந்திருந்தேன். இத்தனை வருடமும் பாஸ்போர்ட் உறைக்குள்தான் இருந்தது. எடுத்து அவரிடம் நீட்டினேன். அவருக்கு அதிலிருந்த ஆங்கிலமும் எண்களும் புரியவில்லை. பென்சிலில் இருந்த தமிழ்ச் சொல்லை மட்டும் விரல் வைத்து வாசித்தார்.

"வலது. இது உங்க எழுத்துங்களா?"

"ஆமாங்கண்ணா. தப்பு என்னுதுங்க. அக்கா கேட்டது சரி, எழுதுனதும் சரி. நாந்தான் மாத்திச் சொன்னேன். காகிதம் இல்லேன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. காகிதத்தை அது இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

"அவ இருக்கறப்பச் சொல்லியிருக்கோணுமுங்க அம்மணி" என்றார். "இத நான் வெச்சு என்ன பண்றது" என்று காகிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார். கேட்டது மட்டுமில்லை, வாங்கியும் வரச் செய்தார். அவர் முன்னால் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்து முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதையும் குடித்ததில்லை.

இங்கே திரும்பி வந்ததும் குழுவில் நடந்ததையெல்லாம் எழுதினேன். பாதிப் பேர் புதியவர்கள். யாரைப் பற்றி என்றே அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் 'பரவாயில்லை' என்று போட்டார்கள். மிதுனாவின் அம்மா தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். "அந்தம்மா அன்னிக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்களேக்கா. நானும் பெரிய மனுஷியாட்டம், பாத்துச் செய்யுங்கன்னு சொல்லிப்போட்டனே." அதற்கு மேல் அவள் எழுதவில்லை. அவளுக்கும் ஒரு பங்கு வெட்கத்தைக் கொடுத்துவிட்டேன்.

காகிதத்தைக் கிழித்துப் போட முடியவில்லை. யாரிடமும் காட்டவும் இனி ஆளில்லை. என்னிடமேதான் இருக்கிறது. நீங்கள் அந்த டாக்டர் முன்னால், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்ததைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் பார்க்காத காட்சி அது. ஆனாலும் தினமும் தெரிகிறது.

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை அக்கா. நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள்.